எத்தனை ஃபேன் போட்டால் போதும்?

1

இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்தது இல்லை. கம்ப்யூட்டர் கடையில் கீபோர்டு வாங்க நின்றபோது காதில் விழுந்தது. எனக்கு முன்னால் நின்ற பெண் கடைக்காரரிடம் கேட்டாள்: "சிபியு பெட்டி ரொம்ப சூடாகுதுங்க. எத்தனை ஃபேன் போட்டா போதும்?"

பெட்டி என்ன அளவு, உள்ளே என்ன இருக்கிறது என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. "வீட்ல யாரு யூஸ் பண்றாங்க?" என்றார்.

"நான்தான்."

"அப்ப ஒண்ணு போதும்மா. பையன் கேம் ஆடறான்னா சொல்லுங்க, ஆறு போட்டுடலாம்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எதுவும் வாங்காமல் வெளியே போய்விட்டாள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், மீதியெல்லாம் என் புளுகு. அந்தப் பார்வை மட்டும் புளுகு இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கடைக்காரர் படித்துவிட்டுக் கோபித்துக்கொண்டால் தாராளமாகக் கோபித்துக்கொள்ளட்டும், கீபோர்டை வேறு கடையில் வாங்கிக்கொள்கிறேன்.

2

முதல் வரி எழுதுவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது.

வெயில் கொளுத்திய ஒரு பிற்பகலில் அவள் —

வேண்டாம். வெயிலில் ஆரம்பிக்கும் கதைகளை எண்ணி மாளாது.

எல்லாப் பெண்களையும் போல அவளுக்குள்ளும் ஒரு வெப்பம் —

இதை எழுதிய கையை நானே கிள்ளிக்கொண்டேன். ஆனால் பத்திரிகை நடத்தும் என் நண்பருக்கு இந்த வரிதான் பிடித்திருந்தது. "ஃபேனை மட்டும் வெச்சு ஒரு கதையா? எவன் படிப்பான்? அது எதையாவது குறிக்கணும்யா. அவ மனசுப் புழுக்கம்னு வெச்சுக்கோயேன்" என்றார்.

வைத்துக்கொள்ள மாட்டேன். இந்தக் கதையில் ஃபேன் என்றால் ஃபேன். விரித்த கையளவு, நாலு மூலையில் நாலு ஸ்க்ரூ, காற்றைத் தள்ளுவது அதன் வேலை. அதன் தலையில் அவள் மனசையும் ஏற்றி வைக்க எனக்கு இஷ்டமில்லை. அவளுக்கு மனசு தனியாக இருக்கிறது.

3

அவள் வீடியோ எடிட்டிங் செய்கிறாள். ஒரு கணக்கு வாத்தியார் பாடம் எடுத்துப் பதிவு செய்து அனுப்புவார். அவருக்கு 'அதாவது' போடாமல் வாய் திறக்காது, தொண்டையைச் செருமாமல் சமன்பாடு வராது. செருமலையும் அதாவதையும் நறுக்கி, துண்டுகளை ஒட்டி, திரையில் எழுத்துப் போட்டு, பிள்ளைகள் பார்க்கிற மாதிரி ஆக்குவது அவள். வாத்தியார் தெளிவாகப் பேசுகிறார் என்று ஊரே மெச்சுகிறது. அந்தத் தெளிவு எங்கே தயாராகிறது என்று அவளுக்குத் தெரியும்.

ஒட்டிய துண்டுகளை ஒரே படமாக்கும் கடைசி வேலைக்கு ரெண்டர் என்று பெயர். கம்ப்யூட்டர் கொதிப்பது அப்போதுதான். இரண்டு தடவை பாதி ரெண்டரில் சூடு தாங்காமல் அதுவே அணைந்துபோனது. பாடம் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று வாத்தியார் ஒரு செருமல்கூட இல்லாமல் சொல்லிவிட்டார்.

வீட்டில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை. அவள் கணவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். பாதி நாள் இரவு வேலை. காலையில் வந்து பகலில் தூங்கியாக வேண்டும். கண்டெய்னர் அந்தரத்தில் தொங்கும்போது அவனுக்குக் கண் சொருகினால் கீழே நிற்பவன் கதி அதோகதி. கம்ப்யூட்டர் இருப்பது அவன் கட்டிலுக்குப் பக்கத்தில்தான். ஃபேன் குறைந்தால் கம்ப்யூட்டர் அணையும், கூடினால் இரைச்சலில் அவன் தூக்கம் கலையும். இரண்டுக்கும் நடுவில் அவள் வேலை மாட்டிக்கொண்டு முழிக்கிறது.*

(* முதல் பிரதியில் அவள் எடிட் செய்தது தூக்கக் கலக்கத்தில் கிரேன் ஓட்டினால் வரும் விபத்துகள் பற்றிய படம். அடித்துவிட்டேன். வாழ்க்கையில் இப்படி நடந்தால் 'அடடா' என்பீர்கள். கதையில் நடந்தால் கதைக்காரன் தில்லுமுல்லு என்பீர்கள்.)

4

கணவனைக் கெட்டவனாக்க முதலில் முயன்று பார்த்தேன். தலையணையைத் தூக்கி எறிந்தான் என்று எழுதினேன். ஒட்டவே இல்லை. அவன் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தான், தலையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்தான். ஒரு தடவைகூட வேலையை விடு என்று சொன்னதில்லை. "கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வெச்சா என்ன?" என்றுதான் கேட்டான். அதைக் கேட்டதும்தான் அவளுக்கு அக்கா ஞாபகம் வந்தது. அவள் அக்காவும் தையல் மெஷினைக் கொஞ்ச நாளைக்கு என்றுதான் மூடி வைத்தாள். இப்போது அதன் மேல் துணி மடித்து வைக்கிறார்கள்.

அவள் கடையில் ஒன்றும் வாங்காமல் வந்தது கொழுந்தனுக்குத் தெரிந்ததும், "அண்ணி, என்கிட்ட விடுங்க" என்று கிளம்பினான். அவன் மேடைகளுக்கு விளக்கு அமைக்கிறவன். நிறம் மாறி மாறி எரியும் ஃபேன்கள் ஆறு கொண்டுவந்து பெட்டியைச் சுற்றி மாட்டினான். சுவிட்சைப் போட்டதும் படுக்கையறையே ஜொலித்தது. மாமியார் வந்து பார்த்து, கண் பட்டுவிடப் போகிறது என்றார்.

சூடு மட்டும் இம்மியும் குறையவில்லை. சத்தமோ மிக்ஸி ஓடுகிற மாதிரி. கணவன் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், வெயில் ஏறியதும் திரும்பி வந்தான். கொழுந்தன் இன்னும் இரண்டு போட்டால் சரியாகிவிடும் என்றான்.

அவளுக்கு எரிச்சல் வந்தது. டிஷ்யூ பேப்பர் ஒன்றைக் கிழித்து ஒவ்வொரு ஃபேனுக்கும் முன்னால் பிடித்துப் பார்த்தாள். ஆறும் பேப்பரை உள்ளே இழுத்தன. ஒன்றுகூட வெளியே தள்ளவில்லை. இந்த ஃபேன்களில் அழகான முகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் காற்றை இழுக்கும். மேடைக்காரன் கை, முகம் என்றால் கூட்டத்தைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்று ஆறு முகத்தையும் வெளியே காட்டி மாட்டிவிட்டது. காற்று உள்ளே வர ஆறு வாசல், போக ஒரு வாசலும் இல்லை.

மூன்றைக் கழற்றிப் போட்டாள். முன்னால் இரண்டு இழுக்க, பின்னால் ஒன்று தள்ளும்படி அதைத் திருப்பி மாட்டினாள். திருப்பிய ஃபேனின் குறுக்குக் கம்பியும் ஒயரும் வெளியே தெரிந்தன. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று கொழுந்தன் முகம் சுளித்தான். பெட்டிக்குப் பொண்ணு பார்க்க யாரும் வரப்போவதில்லை என்று அவள் சொன்னாள்.

5

"அப்படிப் போடு! மூணு. கதை முடிஞ்சது" என்றார் நண்பர். தலைப்பில் உள்ள கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதாம், இத்தோடு நிறுத்திவிட வேண்டுமாம்.

நிறுத்த மாட்டேன். கம்ப்யூட்டர் இப்போது அணைவதில்லை, உண்மை. நறுக்கி ஒட்டும்போது மூன்று ஃபேனும் பூனை மாதிரி ஓடுகின்றன. ரெண்டர் ஆரம்பித்தால் மூன்றும் முழு வேகம் எடுத்துக் கத்துகின்றன. அவன் இன்னமும் விழித்துக்கொள்கிறான்.

எத்தனை என்று பேசிக்கொண்டிருக்கும்வரை அந்த வீட்டில் யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. எங்கே என்று அவள் கேட்டதும்தான் வந்தது. ஹாலில் மேசை போடத் தோதாக, பிளக் உள்ள மூலை ஒன்றே ஒன்று. அங்கே டிவி இருக்கிறது. காலையில் வாய் திறந்தால் மாமியார் படுக்கும்வரை மூடாது. ஹாலில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, பகலில் டிவியை நிறுத்தி வைக்கலாமா என்று கேட்டாள். மகன் தூங்குகிறான் என்று இதுவரை அந்த டிவியின் சத்தத்தை யாரும் குறைத்ததில்லை. அது பழகின சத்தமாம். இவள் போடுவதுதான் இரைச்சலாம்.

"பகல் பூரா நான் என்னத்தைப் பார்த்துக்கிட்டு உக்காரட்டும்?" என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்:

ஒன்று. அவள் கொஞ்ச நாளைக்கு வேலையை நிறுத்தி —

கிழித்தாயிற்று. எழுதும்போதே எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு. ஒரு நாள் கம்ப்யூட்டர் ஓடவில்லை. கணவன் புரண்டு புரண்டு படுக்கிறான். "அந்தச் சத்தம் இல்லாம தூக்கமே வரல" என்கிறான். நண்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துடைக்கவில்லை. களைத்து வருகிறவனுக்கு அமைதி வேண்டும். என் கதை முடிய வேண்டும் என்பதற்காக அவன் காதை நான் மாற்ற முடியாது.

மூன்று. மாமியார் மனம் மாறி, தானே எழுந்து போய் டிவியை —

அந்த மனுஷிக்குப் பகலில் அதை விட்டால் பேச்சுத்துணை கிடையாது. அதைப் பிடுங்கிவிட்டு, தங்கமான மாமியார் என்று பட்டம் கொடுப்பது அயோக்கியத்தனம்.

6

ஆக, முடிவில்லாமல் ஒரு காலை.

வாத்தியார் பாடம் பார்க்கும் பிள்ளைகளுக்கு நாளை பரீட்சை. கடைசிப் பாடம் மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டும். வாத்தியார் ராத்திரியெல்லாம் செருமி விடிகாலையில்தான் அனுப்பினார். அவள் நறுக்கி முடித்து ரெண்டர் போட்டிருக்கிறாள். மூன்று ஃபேனும் கத்துகின்றன. கணவன் வேலை முடிந்து வந்து படுக்கையறை வாசலில் நிற்கிறான், கண் இரண்டும் சிவந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல். ஹாலில் டிவி ஓடுகிறது.

"புள்ள தூங்கணும். அதை அணைச்சிடும்மா" என்கிறார் மாமியார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இதற்கு முந்தைய பிரதிகளில் எல்லாம் இந்த இடத்தில் அவள் எழுந்துவிட்டாள். எழுப்பியது நான். எழுந்தால்தான் அடுத்த வரி சுலபமாக வந்தது. இந்த முறை நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் எழவில்லை. நாற்காலியில் இருந்தபடியே திரும்பினாள்.

"அணைக்க மாட்டேன் அத்தை. அவர் தூங்கவும் இடம் வேணும், இந்த வேலைக்கும் இடம் வேணும். எங்கேன்னு எல்லாரும் சேர்ந்து யோசிங்க. இத்தனை நாள் நான் ஒருத்தியே யோசிச்சு, நானே எந்திரிச்சுப் போயிட்டிருந்தேன். இனிமே மாட்டேன்."

சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுத மாட்டேன், ஒவ்வொரு பிரதியிலும் கடைசி வார்த்தையை அவனுக்கே கொடுத்துச் சலித்துவிட்டது. வாசலில் நிற்கிறான், மாமியார் கையில் ரிமோட் இருக்கிறது. இனி நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவனைக் கத்த வையுங்கள், சிரிக்க வையுங்கள், பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு அனுப்புங்கள். டிவியைக் குறையுங்கள், கூட்டுங்கள். கொழுந்தனைக் கூப்பிட்டுச் சுவரையே இடியுங்கள். யாரை எங்கே வேண்டுமானாலும் நகர்த்துங்கள். ரெண்டர் முடியும்வரை அவளை அந்த நாற்காலியிலிருந்து எழுப்ப மட்டும் உங்களுக்கும் உரிமை கிடையாது, எனக்கும் கிடையாது.