விட்ட நிலத்தில் ஒரு ரோஜா

அந்த ராஜ்யத்தில் எந்த ஊருக்குப் போனாலும் நடுவில் ஒரு துண்டு நிலம் வெறுமனே கிடக்கும். விட்ட நிலம் என்பார்கள். மனிதக் கை பட்டதெல்லாம் மனிதனுக்கு, கை படாமல் விட்டது சாமிக்கு. அவர்களுடைய மதம் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். அதனால் அந்த நிலத்துக்குக் கூரை கிடையாது, சிலை கிடையாது, விளக்கு கிடையாது. முளைக்கிறது முளைக்கும், சாகிறது சாகும். ஜனங்கள் வேலிக்கு வெளியே நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தலையைக் குனிவார்கள். கும்பிடுவது என்றால் அவர்களுக்கு அதுதான்.

வேலியோரம் ஒரு முக்காலியில் காவலுக்கு ஆள் உண்டு. யாரும் உள்ளே தண்ணீர் ஊற்றாமல், களை பறிக்காமல், ஐயோ பாவம் என்று சாய்ந்த கொடிக்குக் குச்சி நடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முக்கியமாக, காவல் காப்பவரே அதையெல்லாம் செய்துவிடக் கூடாது. கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். முன்பு அந்த முக்காலியில் இருந்த கொத்தனார் நல்ல மனிதர். ஆனால் உள்ளே கோணலாகக் கிடந்த ஒரு கல்லைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் தாங்க முடியாமல் போய் நேராக்கிவிட்டார். அன்றோடு வேலை போயிற்று.

அப்போதுதான் ஊருக்குப் பூட்டுக்காரனின் மனைவி ஞாபகத்துக்கு வந்தாள். பால் பொங்கி அடுப்பில் வழிவதைக் கன்னத்தில் கை வைத்து ரசித்தவள் அவள். சோம்பேறி என்று அவளைத் திட்டாத வாய் அந்தத் தெருவில் இல்லை. அதே வாய்கள் ஒன்றாகக் கூடி வந்து, "நீதாம்மா சரியான ஆளு" என்றன.

"அது எனக்கு எப்பவோ தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் போய் முக்காலியில் உட்கார்ந்தாள்.

வேலையோடு ஒரு வீடும் வந்தது. வீடு என்றால் ஒரே அறைதான். முன்பாதியில் கணவன் பூட்டுக் கடை போட்டான். பின்பாதியில் கட்டில், அடுப்பு, விட்ட நிலத்தைப் பார்த்த ஜன்னல். படுக்கை விரிப்பில் எப்போதும் இரும்புத்தூள் நறநறக்கும். அவள் அதையும் உதறியதில்லை.

அந்த வருடம் மழை பொய்த்தது. விட்ட நிலத்தில் புல் கருகி, முள்செடிகள் மட்டும் எலும்பு மாதிரி நின்றன. அந்த நேரம் பார்த்துத்தான் புதிதாகப் பட்டத்துக்கு வந்த ராணி, ஊர் ஊராக விட்ட நிலங்களைத் தரிசிக்கக் கிளம்பினாள். நகரத் தலைவர் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார்.

"அம்மா காவல்காரி, பக்கத்து ஊர் நிலத்தைப் பார்த்துட்டு வர்றேன். பச்சைப் பசேல்னு, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு."

"அவங்களுக்கு மட்டும் மழை தனியா பெய்யுதா தலைவரே?"

தலைவர் இருமினார். "பனியா இருக்கும். இங்கேயும் விடிகாலையில பனி கொஞ்சம் விழுந்தா நல்லது. குடம் குடமா விழுந்தாக்கூட நான் ஏன்னு கேக்க மாட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"நான் கேப்பேனே."

"ராணி வந்து இந்த முள்ளுக்காட்டைப் பார்த்துட்டு, நீ காவல் காத்த லட்சணம் இதுதானான்னு கேட்டா, வேலையும் போகும், வீடும் போகும். அப்புறம் நான் கையை விரிச்சிடுவேன்."

"தாராளமா விரிங்க. உள்ளே வைக்காம இருந்தாச் சரி."

தலைவர் போன பிறகு கணவனின் முகம் தொங்கிப்போயிற்று. கடை போனால் இத்தனை சாவிகளையும் அள்ளிக்கொண்டு எங்கே போவது? அவனுடைய அக்காவோ அதைக் கேட்டதும் கொதித்தே போனாள். அக்காவுக்குச் சந்தையில் செடிக்கடை. அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பேசிக்கொண்டே தம்பியின் சட்டையில் தொங்கும் நூலை இழுப்பாள். கேட்டுக்கொண்டே கட்டில் விரிப்பை உதறுவாள்.

"ஏண்டி, ஒரு செம்பு தண்ணி ஊத்தினா உன் சாமிக்குச் சளியா பிடிச்சிடும்?"

"ஊத்தினா அது உங்க கடை ஆயிடும் அண்ணி. சாமி இருக்காது."

"என் கடைக்கு என்னடி குறைச்சல்? நூறு பூ பூக்குது. நீ காக்கிற சாமி ஒரு பூ பூத்திருக்கா?"

"பூக்கணும்னு தோணினா பூக்கும்."

"நல்லா சொன்ன போ. உன்னைக் கட்டிக்கிட்டவனும் வாயைத் திறக்க மாட்டான். நான்தான் ஏதாவது செய்யணும்."

அவள் செய்தும் விட்டாள். ராணி வரும் நாள் காலையில் காவல்காரி ஜன்னலைத் திறந்தால், முள்களுக்கு நடுவே ஒரு ரோஜாச் செடி நின்றுகொண்டிருந்தது. தளதளவென்று இலை, உச்சியில் சிவப்பாக ஒரு பூ. அடியில் மண் ஈரமாக இருந்தது. வேலிக்கு வெளியே நாத்தனார் நகக்கண்ணில் சேற்றோடு, பெருமை தாங்காமல் நின்றாள்.

"எப்படி? தானா முளைச்ச மாதிரி இல்ல?"

பூட்டுக்காரன் பதறிக்கொண்டு ஓடி வந்தான். "அக்கா! கண்ணில்லாதவன்கூட இதை நம்ப மாட்டான். நகரு, பிடுங்கிடறேன். யாரும் இன்னும் பார்க்கல." அவன் ஒரு காலை வேலிக்கு மேலே தூக்கிவிட்டான்.

"காலை எடுங்க" என்றாள் மனைவி.

"விளையாடாதே. கை பட்டிருக்குன்னு தெரிஞ்சா இன்னிக்கே வீட்டைக் காலி பண்ணச் சொல்வாங்க."

"நட்டது ஒரு கை. பிடுங்கினா அது ரெண்டாவது கை. உள்ளே வந்தாச்சுல்ல, இனிமே அது பொழைக்கிறதும் சாகிறதும் அதோட பாடு. யாரும் தொடக் கூடாது."

"தப்பா வந்ததுடி அது!"

"தப்பா வந்ததுன்னு பிடுங்க ஆரம்பிச்சா அப்புறம் எங்கேங்க நிறுத்துறது? முள்ளுகூடத்தான் உங்களுக்குத் தப்பா தெரியுது."

அவன் காலை இறக்கினான். பதினாறு பூட்டுகளுக்கு ஒரே சாவி செய்யத் தெரிந்தவனுக்கு அவள் வாயை மட்டும் பூட்டத் தெரியவில்லை என்று நாத்தனார் முணுமுணுத்தாள். காவல்காரி முகம் கழுவி, தலை வாரி, வழக்கம்போல் முக்காலியில் போய் உட்கார்ந்தாள்.

வெயில் ஏறியது. முதலில் ஒரு வெட்டுக்கிளி வந்தது. எங்கே ஒளிந்திருந்ததோ, சருகு நிறத்தில் இருந்த அது தாவி ரோஜா இலையில் உட்கார்ந்து நறுக் நறுக்கென்று கடித்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு ஒரு கூட்டம். நாலு முள்செடி தள்ளிப் பட்டினி கிடந்த கம்பளிப்பூச்சிகள் வரிசை கட்டி வந்தன. ஈர மண்ணை மோப்பம் பிடித்துக் குளவிகள் இறங்கித் தண்ணீரை உறிஞ்சின. பூச்சிகளைப் பார்த்து ஓணான் தலையை நீட்டியது. செத்துப்போனதாக ஊரே நினைத்திருந்த நிலத்தில் இத்தனை உயிர் மூச்சுப் பிடித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறது.

"ஐயோ, என் செடி!" என்று நாத்தனார் துடித்தாள். "ஒரே ஒரு புழுவை எடுத்துப் போட்டுடறேன்டி. குச்சியால! கைகூடப் படாது!"

"அண்ணி, கையைப் பின்னால கட்டுங்க."

"உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

"இருந்ததையெல்லாம் நீங்கதான் அங்கே ஊத்திட்டீங்களே."

நண்பகலில் ராணி வந்து சேர்ந்தபோது ரோஜா வெறும் குச்சியாக இருந்தது. பூவின் இடத்தில் ஒரு கொழுத்த புழு. தலைவர் அதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

ராணிக்குச் சின்ன வயதுதான். நடந்து நடந்து களைத்துப்போயிருந்தாள். மழையே காணாத அந்த வருடத்தில் அவள் செருப்பிலும் பாவாடை விளிம்பிலும் சேறு அப்பியிருப்பதைப் பூட்டுக்காரன் கவனித்தான். அவள் கைகளைப் பின்னால் கட்டித் தலை குனிந்துவிட்டு, வெகுநேரம் உள்ளேயே பார்த்தாள்.

"அந்தக் குச்சி என்ன?"

"தானா..." என்று தலைவர் தொடங்கினார்.

"ரோஜாச் செடிம்மா" என்றாள் காவல்காரி. "தானா வரல. எங்க வீட்டு ஆளு ஒருத்தர் விடியுறதுக்கு முன்னால வைச்சது. நான் அப்போ தூங்கிட்டு இருந்தேன்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது.

"கை பட்டா காவல் போகும். சட்டம் தெரியுமில்ல?" என்றாள் ராணி.

"தெரியும்மா. வீட்டுச் சாவியை இப்பவே குடுத்துடறோம். ஆனா எனக்கு அடுத்து வர்றவங்க அதைப் பிடுங்கக் கூடாது. வேர் இன்னும் உள்ளேதான் இருக்கு. அது என்ன செய்யப்போகுதுன்னு அதுக்குத்தான் தெரியும்."

"மறைக்கணும்னு உனக்குத் தோணவே இல்லையா?"

"மறைக்கிறதுக்கு எழுந்து போகணுமே."

ராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்க அவள் முயலவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு சின்னக் குருவி இறங்கி, குச்சி உச்சியில் இருந்த புழுவைக் கொத்திக்கொண்டு பறந்தது.

"போன ஊர்லயெல்லாம் வேலிகிட்ட என் கால் புதைஞ்சுது" என்று ராணி தலைவரைப் பார்த்துச் சொன்னாள். "கை படவே இல்லைன்னு எல்லாரும் சத்தியம் பண்ணினாங்க. பச்சையா இருந்துச்சு. ஆனா ஒரு ஈகூட உட்காரல. யாரோ விரட்டி வைச்சிருந்த மாதிரி." பிறகு காவல்காரியிடம் திரும்பினாள். "காவல் உனக்குத்தான். வீடும்தான். ஆனா கை பட்டது பட்டதுதான். அதுக்குத் தண்டனை உண்டு. வைச்ச கை எது?"

நாத்தனார் முன்னால் வந்தாள். பயத்திலும் அவள் விரல்கள் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தன.

"அடுத்த மழை வர்ற வரைக்கும் நீங்க இவங்க பக்கத்துல உட்காரணும்" என்றாள் ராணி. "சும்மா."

"சும்மாவா?" நாத்தனார் முறுக்கிய முந்தானையை விட்டுவிட்டாள். "மகாராணி, வேணும்னா அரண்மனைக் கிணத்தைத் தூர் வாரச் சொல்லுங்க. படிக்கட்டெல்லாம் தேய்க்கச் சொல்லுங்க."

ராணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

பூட்டுக்காரன் உள்ளேயிருந்து இன்னொரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டான். நாத்தனார் உட்கார்ந்தாள். எழுந்தாள். காவல்காரி பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள்.

"அந்த மூணாவது முள்செடியில ஒரு கிளை காஞ்சிருக்குடி. அதை மட்டும் லேசா..."

"அண்ணி."

"சரி சரி. சொன்னேன், அவ்வளவுதான்."

அவள் கை ஒன்று மெல்ல வெளியே வந்து, காவல்காரியின் தோளில் ஒட்டியிருந்த இரும்புத்தூளைத் தட்டியது. அது மனிதர் பக்கம் என்பதால் காவல்காரி விட்டுவிட்டாள். ஆனால் கண்ணயர முடியவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கிப் பழகியவள், முக்காலியை நாத்தனார் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, அந்த வேலைக்கு வந்த பிறகு முதல்முறையாக விழித்திருந்து காவல் காத்தாள்.