செங்கல் வந்த பெட்டி

தெருவில் அவளுக்குப் பார்சலக்கா என்று பெயர். அப்படிக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அவள் என்ன விற்கிறாள் என்பதே தெரியாது. பழைய பைனாகுலர்களை வாங்கிப் பிரித்து, கண்ணாடியில் படர்ந்த பூஞ்சையைத் துடைத்து, இரண்டு குழலும் ஒரே இடத்தைப் பார்க்கும்படி நேராக்கி, இணையத்தில் விற்பது அவள் தொழில். பறவை பார்க்கிறவர்கள் வாங்குவார்கள், படகுக்காரர்கள் வாங்குவார்கள். பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கிறவர்களும் வாங்குவார்கள் என்று அவள் கணவன் கேலி செய்வான். அவன் லிஃப்ட் மெக்கானிக். காலையில் ஏதாவது ஒரு கட்டடத்தின் குழிக்குள் இறங்கினால் பொழுது சாயும்வரை போன் எடுக்கமாட்டான்.

பார்சல் தொலைவது அவளுக்குப் புதிதில்லை. ஒன்று மழையில் ஊறிக் கூழாகிப் போனது. இன்னொன்று எங்கெங்கோ சுற்றிவிட்டு, கோபித்துக்கொண்டு போன மாமியார் மாதிரி தானாகவே வீட்டுக்குத் திரும்பி வந்தது. அதனால் விலை கூடின பொருளை இன்சூரன்ஸ் இல்லாமல் அனுப்பவேமாட்டாள். உடைந்தாலும் காணாமல் போனாலும் பணம் வந்துவிடும், பிறகென்ன கவலை என்றுதான் இருந்தாள்.

கவலை வேறு வாசல் வழியாக வந்தது.

கப்பலில் இருந்த ஒரு பெரிய பைனாகுலர். உப்பு அரித்துப் போயிருந்ததற்கு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து உயிர் கொடுத்திருந்தாள். அதை வாங்கியவன் போன் செய்தான். இளம் குரல். பாலில் நனைத்த துணி மாதிரி மென்மை.

"அக்கா, பெட்டியைத் திறந்தேன். உள்ள உடைஞ்ச செங்கல்தான் இருக்கு. நீங்க ஏமாத்தினீங்கன்னு சொல்லல. வழியில யாரோ கை வெச்சிருக்காங்க. பணத்தை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க."

அவளும் நம்பினாள். இன்சூரன்ஸுக்கு எழுதிப் போட்டாள். அங்கே பேசிய பெண், பெட்டியின் எல்லாப் பக்கத்தையும் அவனைப் படம் எடுக்கச் சொல்லி வாங்கி அனுப்பச் சொன்னாள். அவனும் தயங்காமல் அனுப்பினான். அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஒட்டின டேப்பின் மேல் குறுக்கே பச்சை மையால் கையெழுத்துப் போடுவது அவள் பழக்கம். டேப் ஒரே ஒரு முறை, கத்தியால் சீராக வெட்டப்பட்டிருந்தது. பிரித்து மறுபடி ஒட்டின தடம் எங்கும் இல்லை. பார்சல் ஆபீஸில் கேட்டாள். அனுப்பும்போது இருந்த எடைதான் போய்ச் சேரும்போதும் இருந்தது.

செங்கல் வழியில் நுழையவில்லை. அவன் வீட்டில்தான் நுழைந்திருக்கிறது.

கோபம் தலைக்கேறியது. "என் டேப்பை முதல்ல வெட்டினதே நீங்கதான். பணம் தரமாட்டேன், போலீசுக்குப் போறேன்" என்று எழுதி அனுப்பிவிட்டு, ஒரு வேலை முடிந்தது என்று டீ போடப் போனாள். மதியம் போனைப் பார்த்தபோது பதில் வந்திருந்தது. வார்த்தை ஒன்றுமில்லை. ஒரு படம் மட்டும்.

அவள் வீட்டு வாசல் கதவு.

கதவோரம் மகளின் செருப்பு, ஒன்று குப்புறக் கிடந்தது. அன்று காலை பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் மகள் உதறிவிட்டுப் போன செருப்பு. அப்படியானால் படம் இன்றைக்கு எடுத்தது. அவன் எப்படிக் கண்டுபிடித்தான் என்று யோசிக்கக்கூட வேண்டியதில்லை. அனுப்புநர் முகவரி என்று, அத்தனை பெட்டியின் மேலும், அவள் தன் கையாலேயே எழுதி ஒட்டுகிறாளே.

இரண்டாவது செய்தி அடுத்த நாள் வந்தது. "மஞ்சப் பை மாட்டிக்கிட்டுப் போறது உங்க பொண்ணாக்கா? நல்ல பிள்ளை. ரோட்டைப் பாத்துக் கடக்கச் சொல்லுங்க."

கணவன் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். வாங்கி வைத்துக்கொண்டார்கள். "ரோட்ல நின்னு கதவைப் படம் எடுத்தா என்ன கேஸ் போடறது, பிள்ளையைப் பாத்துப் போகச் சொன்னது மிரட்டலான்னு கேக்கறாங்க" என்றான். சொல்லும்போது அவன் குரலும் சுரத்தில்லாமல் இருந்தது. மறுநாளிலிருந்து மகளை வண்டியில் அவனே கொண்டுபோய் விட்டான். மஞ்சள் பையைப் பரணில் போட்டார்கள். ஏன் என்று மகள் கேட்டாள். ஜிப் போய்விட்டது என்றாள் அவள்.

வீட்டில் ஒரு சத்தமும் அதன் பிறகு பழைய சத்தமாக இல்லை. மாடிவீட்டில் நாற்காலி இழுத்தால் எழுந்து போய்த் தாழ்ப்பாளைச் சரிபார்த்தாள். காலிங்பெல் அடித்தால் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் தானாகக் கீழே விழுந்தது.

அப்படி ஒரு நண்பகலில் பெல் அடித்தது. ஒரே தடவை, அதுவும் அடிக்கலாமா வேண்டாமா என்கிற மாதிரி பாதி அழுத்தத்தில். கதவுச் சங்கிலியை எடுக்காமல் விரலளவு திறந்தாள். ஒரு பெரியவர். நன்றாகச் சவரம் செய்த முகம், கசங்கிய சட்டை. காய்கறி வாங்கும் துணிப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"யாரு?"

"அம்மா, சத்தம் போடாதீங்க. கதவைத் திறக்கவும் வேண்டாம். இதை வாங்கிக்கிட்டீங்கன்னா நான் போயிடறேன்."

பையின் வாயைச் சற்று விலக்கிக் காட்டினார். அவளுடைய பைனாகுலர்.

"நீங்க அவனுக்கு…"

"அப்பா." அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுத் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "கொல்லையில கிடந்த செங்கலை உடைச்சு, தராசுல வெச்சு, உங்க பொருளோட எடைக்குச் சரி பாத்தான். என் கண்ணு முன்னாடியே. நான் இருக்கேன்னு அவனுக்கு ஒரு கூச்சமும் இல்ல. பீரோ நிறைய இப்படித்தான் வெச்சிருக்கான். விலை ஏறட்டும்னு காத்திருக்கான்."

"நீங்க கேக்கலையா?"

அவர் பையை மாற்றிப் பிடித்தபோது சட்டைக்கை விலகியது. மணிக்கட்டைச் சுற்றி, யாரோ விரல்களால் இறுக்கிப் பிடித்த இடம், கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது.

"உங்க பொண்ணு படத்தை அவன் போன்ல பாத்தேன். அதுக்கப்புறம் எனக்குச் சோறு இறங்கல. அவன்கிட்ட மோதாதீங்கம்மா. பணத்தைக் குடுத்து ஒழிச்சிடுங்க. பொருள்தான் உங்ககிட்ட வந்துடுச்சே."

"பீரோவுல இல்லைன்னு தெரிஞ்சா உங்களை என்ன பண்ணுவான்?"

"அதை நான் பாத்துக்கறேன்" என்றார். எப்படி என்பது அவருக்கே தெரியவில்லை என்று அவர் கண்ணிலேயே தெரிந்தது.

கதவுக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவரும், பயப்படுவது ஒரே ஆளுக்கு. சங்கிலியை எடுத்து உள்ளே வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். பயம் விடவில்லை. பையை வாசலில் வைத்துவிடச் சொன்னாள். அவர் படியிறங்கிப் போன பிறகு சங்கிலியை எடுத்து அதை உள்ளே கொண்டுவரும்போதுதான், ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லையே என்று மனம் குத்தியது.

அன்றைக்குக் கணவனும் மனைவியும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். பொருள் திரும்பிவிட்டது என்று இன்சூரன்ஸில் சொன்னால், அவர்கள் அவனைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். யார் கொடுத்தது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். சொல்லாமல் இன்சூரன்ஸ் பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்டால், அவனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? இருதலைக்கொள்ளி எறும்பாய் இருந்தது அவளுக்கு.

"ரெண்டும் வேண்டாம்" என்றாள் கடைசியில். "க்ளெய்மை வாபஸ் வாங்கிக்கறேன். அவனுக்குப் பணத்தைக் குடுத்துடலாம். நமக்கு நஷ்டம் எதுவும் இல்ல."

"திருடனுக்குக் கூலி குடுக்கற மாதிரி இருக்குடி."

"திருடனுக்குக் குடுக்கலைங்க. அந்தப் பெரியவருக்காகக் குடுக்கறேன்."

இன்சூரன்ஸ் பெண் கேட்டாள். "பொருள் கிடைச்சிடுச்சா மேடம்?"

"க்ளெய்ம் வேண்டாம்னு எழுதிக்கோங்க. வேற எதுவும் கேக்காதீங்க."

பணம் போய்ச் சேர்ந்ததும் அவனிடமிருந்து, "நன்றிக்கா, நல்லபடியா முடிஞ்சுது" என்று வந்தது. அதன் பிறகு அமைதி. மகள் மறுபடி நடந்தே பள்ளிக்குப் போகிறேன் என்றாள். போகலாம் என்று சொல்ல வாயெடுத்த நாளில்தான் அடுத்த செய்தி வந்தது.

"அக்கா, ஒரு சின்ன சந்தேகம். அந்தப் பொருளை யாராவது கொண்டுவந்து உங்ககிட்ட குடுத்தாங்களா? சும்மாதான் கேக்கறேன்."

பேயறைந்தவள் போல் உட்கார்ந்துவிட்டாள். பீரோவைத் திறந்திருக்கிறான்.

கணவனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. ஸ்டேஷனுக்கு அடித்தாள். அதிகாரி வெளியே போயிருக்கிறார், வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். யார் என்ன சொன்னாலும் அந்தக் கன்றிப்போன மணிக்கட்டு அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து வைத்துக்கொள்ளும்படி எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னாள். எங்கே போகிறாள் என்று கணவனுக்குக் குரல் பதிவு அனுப்பினாள். பைனாகுலர் வாங்கியவனின் முகவரி அவளுக்கு மனப்பாடம். அவளே எழுதி ஒட்டினதுதானே.

இரண்டு பஸ் மாறிப் போனாள். அமைதியான தெரு. வாசலில் பூந்தொட்டி வைத்த, சின்ன இரும்புக்கேட் போட்ட வீடு. இப்படி ஒரு வீட்டிலா என்று தோன்றும்படி சுத்தமாக இருந்தது. கேட்டைத் தொடுவதற்குள் ஒருவன் வெளியே வந்தான். நன்றாக வாரிய தலை, சிரித்த முகம்.

"யாரைப் பாக்கணும்?"

அதே குரல். வழியெல்லாம் வரவேண்டும் என்றுதான் நினைத்தாளே தவிர, வந்து என்ன சொல்வது என்று யோசிக்கவே இல்லை.

"இங்க… பெரியவர்…"

அவனுக்குப் பின்னால், வாசற்படியில் பெரியவர் தெரிந்தார். கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கியிருந்தது. அவளைக் கண்டதும் அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு, என்றைக்கும் பேசுகிற குரலில், "கண்ணாடிக் கடையிலேர்ந்துதானேம்மா? மூக்குக்கண்ணாடி ரெடியா?" என்றார்.

"ஆமாய்யா" என்றாள். தன் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது. "மாட்டிப் பாத்து அளவு சரி பண்ணணும். நீங்க ஒரு தடவை வரணும்."

அவன் தலையைச் சாய்த்து அவளையே பார்த்தான். "கண்ணாடிக் கடையில வீடு தேடி வந்தெல்லாமா சொல்றாங்க? உங்க குரலை எங்கயோ கேட்டிருக்கேனேக்கா."

"கடைக்கு நிறையப் பேர் வருவாங்க."

"இருங்கப்பா, வண்டியில நானே கூட்டிட்டுப் போறேன்."

"மூக்கு என்னுதுதானேடா, நீ எதுக்கு?" என்றார் பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டே. செருப்பு காலில் நுழையாமல் இரண்டு தடவை நழுவியது. "தெருமுக்குலதானே கடை. வரும்போது உனக்குச் சிகரெட் வாங்கிட்டு வரேன்."

அவன் கேட்டை விட்டு நகரவில்லை. அவர் பக்கவாட்டில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு, மகனின் சட்டை உரசாமல், இடுக்கில் நுழைந்து வெளியே வந்தார். அந்த நேரத்தில் உள்ளே அவன் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு அவன் உள்ளே போனான்.

"வேகமா நடக்காதீங்க" என்றார் பெரியவர் உதடு அசையாமல். "திரும்பியும் பாக்காதீங்க. உங்களை அடையாளம் கண்டுட்டானோ என்னவோ."

நடந்தார்கள். கடைக்குப் போகிறவர்கள் நடக்கிற மாதிரி நடந்தார்கள். அந்தத் தெரு முடியவே முடியாது போலிருந்தது. பின்னால் ஒரு வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. அவள் தன்னையறியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி அவர்களைக் கடந்தது. யாரோ ஒரு பெண், பின்னால் குழந்தையோடு.

முக்கில் நின்ற பஸ்ஸில், எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல் ஏறினார்கள். உட்கார்ந்த பிறகும் அவர் ஜன்னல் பக்கம் முகத்தைக் காட்டவில்லை.

"எங்க போகணும்யா?"

"மக வீடு இருக்கு. இவனால அவளும் பேச்சை நிறுத்தி ரொம்ப காலமாச்சு. கதவைத் திறப்பாளோ என்னவோ."

"நான் கூட வரேன். திறக்கலைன்னா எங்க வீட்டுக்குப் போவோம். இந்தத் தடவை சங்கிலி போடமாட்டேன்."

அப்போதுதான் அவர் அழுதார். சத்தமில்லாமல், கைக்குட்டைகூட இல்லாமல், சட்டைக் காலரால் துடைத்துக்கொண்டு.

பெரியவரின் மகள் கதவைத் திறந்தாள். அப்பாவின் கன்னத்தைப் பார்த்தாள். அவரைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். மறுநாள் மகளும் மருமகனும் சேர்ந்து அவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். பெற்ற அப்பாவே வந்து சொன்ன பிறகு போலீசும் சும்மா இருக்கவில்லை. வீட்டைத் திறந்தார்கள். பீரோ நிறையப் பொருள். போன்கள், ஒரு வயலின், யார் யாரோ பத்திரமாகச் சுற்றி அனுப்பின பெட்டிகள்.

அவன் மட்டும் அங்கே இல்லை. துணிமணி இல்லை, வண்டி இல்லை. எங்கே போனான் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. தேடுகிறோம் என்றார்கள்.

பார்சலக்கா குடும்பம் வேறு தெருவுக்கு மாறியது. இப்போது பெட்டிகளின் மேல் பார்சல் ஆபீஸ் முகவரிதான் இருக்கும். அங்கே சிறு வாடகை கொடுத்து அதற்கு ஏற்பாடு செய்திருக்கிறாள். கணவன் கதவுக்கு ஒரு பூட்டு கூடுதலாகப் போட்டான். மகள் நடந்துதான் பள்ளிக்குப் போகிறாள். அவள் திரும்பி வரும்வரை பார்சலக்கா எந்தக் கண்ணாடியையும் கழற்றுவதில்லை, தெருவையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

எப்போதாவது பெரியவர் மகள் வீட்டிலிருந்து போன் செய்வார். சாப்பிட்டீங்களா, உடம்பு எப்படி என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்வார்கள்.

"அவன்கிட்டேர்ந்து ஏதாவது வந்துச்சாம்மா?" என்பார் அவர்.

"ஒண்ணும் வரலைய்யா. உங்களுக்கு?"

"இல்லம்மா. ஒண்ணும் வரல."

"சரிய்யா" என்பாள் அவள். வைத்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைப்பாள்.