ஏழாம் எண் சந்தாதாரர்

காஞ்சிபுரம் பஸ் நிலையத்துக்கு எதிரே, பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் இருந்த பயணிகள் ஓய்வறைக்குச் சந்தா கட்டியவர் வந்து ஏறும்வரை அவருடைய பஸ் கிளம்பாது. 1963ஆம் வருஷம் ஆனி மாதம் இது ஊருக்குத் தெரியவந்தது. ஆடி முதல் தேதி வருஷச் சந்தா பன்னிரண்டு ரூபாயிலிருந்து பதினெட்டு ரூபாய் ஆனது.

இதை முதலில் கண்டுபிடித்தவர் முசரவாக்கத்துத் துரைக்கண்ணு. நிலத்தைத் தம்பிகளிடம் விட்டுவிட்டுப் புடவைத் தரகுக்கு வந்தவர். வியாழக்கிழமை தோறும் மூட்டையோடு மதராஸ் போய் வருபவர். பாலாறு மோட்டார் சர்வீஸ் முதலாளி இருபத்துநான்கு பிரம்பு நாற்காலி, ஒரு மின்விசிறி, டபரா நிறையக் காப்பி, தட்டில் முறுக்கு என்று அந்த அறையைத் திறந்தபோது, மூன்று நாள் நடையாய் நடந்து பேரம் பேசி, பன்னிரண்டு ரூபாய்ச் சந்தாவைப் பதினொன்றரைக்கு முடித்து ஏழாம் எண் அட்டையை வாங்கியவர். ஒரு வியாழக்கிழமை விசிறிக்குக் கீழே அவர் கண்ணசந்துவிட்டார். விழித்தபோது மணி பத்து. ஒன்பது பத்து பஸ் நின்ற இடத்திலேயே நின்றது. டிரைவர் தேவசகாயம் எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வியர்த்து விறுவிறுத்துப்போயிருந்தார். டீசல் இருந்தது, பாட்டரி இருந்தது, எஞ்சினுக்கு மனசுதான் இல்லை. துரைக்கண்ணு படியில் கால் வைத்ததும் வண்டி தானாக உறுமியது. அடுத்த வாரம் வேண்டுமென்றே தாமதித்துப் பார்த்தார், நின்றது. அதற்கடுத்த வாரம் முடி வெட்டிக்கொண்டு, குளித்துவிட்டு வந்தார், அப்போதும் நின்றது. இதோடு அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊர் பிழைத்திருக்கும். ஆனால் மலிவாக வாங்கிய பொருளைப் பற்றிப் பேசாமலிருக்கக் காஞ்சிபுரத்தில் யாருக்கும் பழக்கமில்லை.

அதன் பிறகு சந்தா ஏறியது, கொடுப்பது குறைந்தது. முப்பது ரூபாய் ஆன வருஷம் டபரா போய்த் தம்ளர் மட்டும் வந்தது. ஐம்பது ஆன வருஷம் தம்ளரில் பாதிக்குமேல் காற்று இருந்தது. எழுபத்தைந்து ஆனபோது முறுக்குத் தட்டு மட்டும் இருந்தது, முறுக்கு இல்லை.

"இன்னா கைலாசம், முறுக்கு எங்கேபா?" என்று மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நிர்வாகியைத் துரைக்கண்ணு கேட்டார்.

"முறுக்கு இருக்குதுண்ணே. அதுக்குத் தனிச் சந்தா."

"அப்போ இந்தத் தட்டு எதுக்கு?"

"அது பழைய சந்தாவுல சேர்ந்ததுண்ணே. நாங்க குடுத்ததைத் திரும்ப எடுக்கறதில்லை."

ஒவ்வொரு ஆடி மாதமும் துரைக்கண்ணு மாடிப்படி ஏறும்போதே இந்த வருஷம் அட்டையை முகத்தில் வீசிவிட்டு வருவது என்று தீர்மானம் செய்துகொண்டு ஏறுவார். ஒவ்வொரு ஆடி மாதமும் கட்டிவிட்டுத்தான் இறங்குவார். காரணம் எளிது. சந்தா இல்லாதவர்கள் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து, மாடியில் இருப்பவர்கள் காப்பி குடித்து முடிக்கும்வரை வெந்துகொண்டிருந்தார்கள். எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும், அதை விசிறிக்குக் கீழே காத்திருப்போம் என்று அவர்களும் ஒவ்வொருவராகச் சந்தா கட்டினார்கள். நாற்பது பேர் நானூறு ஆனார்கள். நாற்காலி இருபத்துநான்கிலேயே நின்றது. எல்லாருக்காகவும் எல்லாரும் காத்திருந்தார்கள். ஒன்பது பத்து பஸ் பதினொன்றுக்குப் போயிற்று, பிறகு மத்தியானம், பிறகு விளக்கு வைக்கும் நேரம். எழுபத்திரண்டில் பஸ்கள் சர்க்கார் கைக்குப் போயின, ஓய்வறை போகவில்லை. மதராஸிலிருந்து ஒரு எஞ்சினியரை அனுப்பினார்கள். அவர் இரண்டு நாள் வண்டிகளின் அடியில் படுத்துப் பார்த்து, பழுது ஒன்றுமில்லை என்று அறிக்கை எழுதி, ஊர் திரும்புவதற்காக ஒரு சந்தா கட்டினார்.

வேறு ஊராக இருந்தால் இதுகூடச் சமாளிக்கக்கூடியதுதான். காஞ்சிபுரத்தில் பட்டு விலை பேச ஜமக்காளத்தில் எதிரெதிரே உட்கார்ந்தால், முதலில் எழுபவன் விலையில் தோற்றவன். பசித்தாலும், ஒன்றுக்கு வந்தாலும், வீடே தீப்பற்றிக்கொண்டாலும் எதிராளி அசைகிற வரைக்கும் அசையக்கூடாது. விலை படிந்ததும் தரகர் வலது கையால் விற்கிறவர் கையையும் இடது கையால் வாங்குகிறவர் கையையும் பிடித்து இருவரையும் ஒரே வேகத்தில் தூக்கிவிடுவார். யார் முதலில் எழுந்தது என்று எவரும் சொல்ல முடியாது. தரகுக்கூலியில் பாதி அந்தத் தூக்கலுக்குத்தான். அப்படி வளர்ந்த ஊரில், ஓய்வறையை விட்டு முதலில் எழுபவர் யாராக இருக்கமுடியும்? எழுந்தவனுக்காக பஸ் காத்திருக்கவில்லை, பஸ்ஸுக்காகத்தான் அவன் காத்திருந்தான் என்றாகிவிடும். பிறகு சந்தாவுக்கு என்ன அர்த்தம்?

எழுபத்துநான்கு ஆவணியில் சந்தா நூற்றைம்பது ரூபாயாக இருந்தபோது, துரைக்கண்ணுவின் தங்கை தில்லையம்மாள் தன் மகள் கிருஷ்ணவேணிக்கு சைதாப்பேட்டையில் கல்யாணம் வைத்தாள். வியாழக்கிழமை, காலை ஏழரை முதல் ஒன்பதுவரை முகூர்த்தம். தில்லையம்மாளின் புருஷன் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்கு சிங்கப்பூரில் வேலை, மறுநாள் கப்பல். இந்த முகூர்த்தம் தப்பினால் அவன் அடுத்து வருவது மூன்று வருஷம் கழித்து. அதுவரை காத்திருக்க மாப்பிள்ளையின் அப்பா ராமலிங்கம் தயாரில்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். பெண் வீட்டு வழக்கப்படி தாய்மாமன் கொண்டுவருகிற புடவையைக் கட்டிக்கொண்டுதான் பெண் மணையில் உட்காருவாள். துரைக்கண்ணு அரக்கு நிறத்தில், கடுகுப்பூ மஞ்சள் கரை வைத்து, எட்டு கஜத்தில் ஒரு புடவை நெய்ய வைத்தார். மஞ்சள் தடவி மடித்த முகூர்த்தப் புடவையை மணப்பெண்தான் பிரிக்கவேண்டும். அதை மார்போடு அணைத்துக்கொண்டு, வீட்டுக்காரியையும் பிள்ளைகளையும் இரண்டு நாள் முன்னாலேயே அனுப்பிவிட்ட தைரியத்தில், புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஓய்வறைக்கு வந்தார்.

ஒன்பது பத்து பஸ்ஸுக்கு அன்று அவரைச் சேர்த்துப் பதினெட்டு சந்தாதாரர்கள். எல்லாரும் பட்டு, ஜரிகை, சாயம் என்று ஒரே வியாபாரத்து மனிதர்கள். மத்தியானம்வரை ஒருவரும் எழவில்லை. அதுவரை துரைக்கண்ணுவும் எழவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏழாம் எண் எழுந்தது என்றால் ஊர் சிரிக்கும். மூன்று மணிக்கு வேறு வண்டி கிடைக்குமா என்று விசாரித்தார். ரயில் காலையிலேயே போயிருந்தது. அன்றைக்கும் மறுநாளுக்கும் ஊரில் பதினோரு கல்யாணம். டாக்ஸி, வேன், சாமான் ஏற்றுகிற லாரி என்று உருளுகிற எதுவும் மிச்சமில்லை. மற்ற பஸ்கள் மற்றவர்களுக்காக நின்றுகொண்டிருந்தன. விளக்கு வைத்ததும் அவர் மானத்தை விழுங்கிக்கொண்டு எழுந்து, இறங்கிப்போய் பஸ்ஸில் உட்கார்ந்தார்.

"துரைக்கண்ணு எழுந்துட்டாருபா!" என்று மாடியில் ஒரே கைதட்டல். அதோடு சரி. மற்ற பதினேழு பேரும் இன்னும் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டார்கள்.

பொழுது போய், பொழுது விடிந்தது. பஸ்ஸில் சந்தா இல்லாத ஒரே பயணி அங்கம்மாள், ஸ்ரீபெரும்புதூரில் மகள் வீட்டுக்குக் கத்தரிக்காய்க் கூடையோடு போகிறவள். முந்தின நாள் காலையிலிருந்து அதே சீட்டில் இருந்தவள், ஏழு மணிக்குக் கூடையோடு மாடியேறினாள்.

"ஏம்பா, நீங்கள்லாம் சோத்துல உப்புப் போட்டுத்தான் துன்றீங்களா? ஒரு பொண்ணு கல்யாணம் நின்னுபோவுது. குந்திக்கினு கீறீங்க. முட்டி புடிச்சிக்கிச்சா?"

"அவரு எழுந்தா நான் எழுந்துடுவேன் ஆயா," என்று ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரைக் காட்டினார். வட்டம் சுற்றி வந்து கைலாசத்தில் முடிந்தது. கைலாசம், தான் ஊழியர், தனக்கு பஸ் கிடையாது என்றார்.

அவள் பின்னாலேயே துரைக்கண்ணுவும் ஏறி வந்திருந்தார். பதினோரு வருஷமாக இந்த அறையில் கொட்டிய காசும், குடித்த காற்றும், தின்னாத முறுக்கும் அவர் தொண்டைவரை வந்து நின்றன. திட்டத்தான் வாயைத் திறந்தார். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த பதினேழு பேரையும் பார்த்தபோது, பேச்செல்லாம் முடிந்து, எழமுடியாமல் தரகருக்காகக் காத்திருக்கிற மனிதர்களின் முகம் அது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. முப்பது வருஷமாகப் பார்த்த முகம். கை இரண்டுதான் இருந்தது. அக்குளில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு காஞ்சிபுரத்தில் எந்தத் தாய்மாமனும் செய்யாததைச் செய்தார். மஞ்சள் தடவிய முகூர்த்தப் புடவையை எடுத்து, மடிப்பைப் பிரித்து, எட்டு கஜத்தையும் நாற்காலிகளுக்கு நடுவே ஓடவிட்டார்.

"ஆளுக்கொரு ஓரம் புடிங்க."

"இன்னாத்துக்குபா?"

"விலை முடிஞ்சிடுச்சு. எல்லாரையும் ஒண்ணாத் தூக்கிவிடறேன்."

"அறுந்துடப்போவுது."

"காஞ்சிபுரத்துப் புடவை அறுந்துச்சுன்னா அப்புறம் நமக்கெல்லாம் பஸ்ஸு எதுக்கு?"

பதினேழு கைகள் கரையைப் பிடித்தன. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு துரைக்கண்ணு ஒரு இழுப்பு இழுத்தார். பதினேழு பேரும் ஒரே நொடியில் எழுந்து நின்றார்கள். யாரும் யாருக்கும் முந்தவில்லை, யாரும் தோற்கவில்லை. எல்லார் முகத்திலும், ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அடக்கிவைத்திருந்ததை இறக்கப்போகிற நிம்மதி. புடவையை விடாமல் படியிறங்கி, பஸ் நிலையத்துப் பின்பக்கம் போய் நிற்கவேண்டிய வரிசையிலும் விடாமல் நின்று, விடாமலே பஸ்ஸில் ஏறினார்கள். கடைசி ஆள் ஏறியதும் வண்டி உறுமியது. தேவசகாயம் தூக்கத்திலிருந்து எழுந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். மணி எட்டு பத்து.

வழியில் எல்லாருமாகச் சேர்ந்து புடவையை மடித்தார்கள். எல்லாரும் பட்டு மடிக்கத் தெரிந்தவர்கள்தான். ஆனாலும் பழைய மடிப்பு விழுந்த இடத்தில் புது மடிப்பு விழவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் அங்கம்மாள் இறங்கும்போது நாலு கத்தரிக்காயைத் துரைக்கண்ணுவின் மடியில் வைத்துவிட்டுப் போனாள். பூந்தமல்லி தாண்டுகையில் ஒன்பது மணி கடந்து வெகுநேரம் ஆகியிருந்தது. சைதாப்பேட்டையில் இறங்காமல், வண்டி போகிற இடம்வரை போய் அப்படியே கடலில் இறங்கிவிடலாமா என்று துரைக்கண்ணு யோசித்தார். யோசித்தபடியே இறங்கிவிட்டார். மண்டபத்துத் தெருவில் நடந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. அவருடைய நிழல் காலடியில் கிடந்தது.

வாசற்படியைத் தாண்டியதும் நிழல் நீண்டு சுவரில் ஏறியது. மண்டபத்துக்குள் காலை வெயில். கடிகாரத்தில் ஒன்பதாகப் பத்து நிமிஷம். நாகஸ்வரக்காரர் ஒரே கீர்த்தனையை எத்தனையாவது முறையோ வாசித்துக்கொண்டிருந்தார். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. தாம்பாளத்துக் கற்பூரம் கரையாமல் எரிந்துகொண்டிருந்தது. புரோகிதர் விசிறியால் முதுகைச் சொறிந்துகொண்டு, "லக்னம் இன்னும் இருக்கு. போகமாட்டேங்கறது, நான் என்ன பண்ண?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழாம் எண் சந்தாதாரர் வந்து சேரவேண்டிய முகூர்த்தம் அது. வரவில்லை என்பதால் கிளம்பவில்லை. இதுவும் சந்தாவில் சேர்த்தி என்பது அதுவரை ஓய்வறைக்காரர்களுக்கே தெரியாது.

ஆச்சரியப்பட அங்கே ஒருவருக்கும் தெம்பு இல்லை. முந்நூறு பேருக்குப் பசி.

"எவ்ளோ நேரம்ணா? கேசரி கல்லாப் போச்சு. பால் மூணு தரம் பொங்கி வழிஞ்சிடுச்சு. கடியாரம் மட்டும் நவுரலை," என்றபடி வந்த தில்லையம்மாள் புடவையை வாங்கினாள். வாங்கிய கை நின்றது. "இன்னாண்ணா இது? பிரிச்சிருக்குது?"

எந்தக் கேள்விக்கும் ஒரு விலையோடு பதில் வைத்திருப்பவர் துரைக்கண்ணு. அன்றைக்கு விலையில்லாமல் சொன்னார்.

"பதினேழு பேரு தொட்டாங்கம்மா. வேற வழியில்லை."

தில்லையம்மாள் மடிப்பைத் தடவிப் பார்த்தாள். அண்ணனின் தூங்காத கண்ணையும், வேட்டி மடிப்பில் துருத்திக்கொண்டிருந்த கத்தரிக்காயையும் பார்த்தாள்.

"தொட்டவங்கல்லாம் மொய் எழுதட்டும்," என்று சொல்லிவிட்டு, புடவையை மகளிடம் கொண்டுபோனாள்.

கிருஷ்ணவேணி கட்டிக்கொண்டு வருவதற்குள் சம்பந்தி ராமலிங்கம் மெல்லப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சந்தா விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. வியாபாரிகள் ரகசியமாக விலை பேசுகிறாற்போல, தோளில் இருந்த துண்டை இருவர் கைக்கும் மேலாகப் போட்டு, துரைக்கண்ணுவின் விரல்களைப் பிடித்தார். துரைக்கண்ணு சந்தாவை விரலால் சொன்னார். ராமலிங்கம் அடுப்பைத் தொட்டவர்போலக் கையை உதறினார்.

"நூத்தம்பதா! அநியாயம்பா. வருஷத்துக்கா?"

"வருஷத்துக்குத்தான். காப்பி தனி."

ராமலிங்கம் கொஞ்சநேரம் அரக்குப் புடவையில் வருகிற மருமகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை மறுபடி இழுத்துப் போட்டுக்கொண்டு விரலை நீட்டினார். "நூத்திப் பத்துக்கு முடிச்சுக் குடுப்பியா?"

பதில் சொல்வதற்குள் கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது. மண்டபத்துக் கடிகாரம் நகர்ந்து, மதியம் பன்னிரண்டரை மணிக்கு ஒன்பது அடித்தது. அட்சதை போட்டு முடித்த கையோடு எல்லாரும் தங்கள் கைக்கடிகாரங்களை ஒன்பதுக்குத் திருப்பி வைத்துக்கொண்டார்கள். இலையில் விழப்போவது டிபனா சாப்பாடா என்று சமையல்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டே பந்திக்குப் போனார்கள்.