எதில் திறக்க வேண்டும்

எம்பிராய்டரி டிசைன் ஃபைல்களைத் திறந்து காட்ட ஷோயப் ஒரு செயலி செய்திருந்தான். கூடப் படித்த ஹஸனும் அதே வேலைக்கு ஒன்று செய்தான். தி. நகர் ரவிக்கைக் கடைகளில் எல்லாம் இப்போது ஹஸனுடையதுதான். அந்தப் பெயரைக் கேட்டாலே ஷோயபுக்கு வயிறு எரியும்.

ஒருவழியாகச் சூடாமணியம்மாவின் ரவிக்கைக் கடையில் தன் செயலியைக் காட்ட இடம் கிடைத்தது. தன் போனில் டிசைன் லிங்கைத் தொட்டான். சட்டென்று திறந்தது ஹஸனின் செயலி.

“என் போன்லயே பூந்துட்டான் பாரு,” என்று பல்லைக் கடித்தான்.

கூட வந்திருந்த மனைவி சிம்ரா போனை வாங்கிப் பார்த்தாள். “அவரு எங்க பூந்தாரு? குறை கண்டுபிடிக்கணும்னு நீங்கதானே இத போன்ல ஏத்துனீங்க. தெனம் பத்து வாட்டி தெறந்து பாத்தீங்க. எதுல தெறக்கணும்னு ஒவ்வொரு வாட்டியும் கேக்குதேன்னு, ‘எப்போதும் இதில்’னு நீங்களே அமுக்கி வெச்சிருக்கீங்க.”

ஷோயப் செட்டிங்ஸுக்குள் போய் அந்த ‘எப்போதும்’ தேர்வை நீக்கினான். மறுபடி லிங்கைத் தொட்டு, தன்னுடையதைத் தேர்ந்தெடுத்தான். பூவேலை மெல்ல மெல்ல விரிந்தது.

சூடாமணியம்மா கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தார்.

“மொதல்ல ஒண்ணு தெறந்துச்சே நைனா,” என்றார். “அதுலயே காட்டு.”