மூன்றாம் முறை கேட்டால்

கம்பெனி பஸ் மைசூர் ஹெப்பாள் முனையில் இறக்கிவிட்டபோது உமாதேவிக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. வீட்டுக்குப் போய், சேலையைக்கூட மாற்றாமல், தரையில் படுக்க வேண்டும். வாரம் முழுக்கச் சட்டைக் காலர் தைத்த கை தோள்வரை மரத்துக் கிடந்தது. நாளை ஞாயிறு. ஆனால் இந்த ஞாயிறு அவளுடையதல்ல.

வீட்டுக்கு ஒறம்பரை வருகிறது. கொள்ளேகால் தாண்டி அவள் பிறந்த ராமாபுரம் பக்கத்தில் ஒறம்பரை என்றால் வீடு தேடி வருகிற சொந்தபந்தம். வருகிறவளோ போலந்துக்காரி. மகள் ஸ்வாதி படிக்கும் கல்லூரிக்கும் அங்கே ஒரு கல்லூரிக்கும் ஏற்பாடு. அங்கிருந்து வந்திருக்கும் பெண் சனி, ஞாயிறு இவர்களோடு தங்குவாள். செப்டம்பரில் ஸ்வாதி போய் அவள் வீட்டில் ஐந்து மாதம் தங்கிப் படிப்பாள். செலவெல்லாம் கல்லூரியுடையது. அனுப்புகிறீர்களா இல்லையா என்று திங்கட்கிழமை கல்லூரி மேடத்துக்குச் சொல்லியாக வேண்டும்.

"எனக்குச் சரின்னுதான் படுது. ஆனா பெத்தவ நீ. நீ சொல்றதுதான்" என்று கணவர் ரவிக்குமார் ஒதுங்கிக்கொண்டார். அவர் ஐ.டி. கம்பெனிக்கு பஸ் ஓட்டுகிறவர். நாளெல்லாம் அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று முடிவெடுப்பதால், வீட்டில் எந்தப் பக்கமும் திரும்புவதில்லை.

ஆகவே உமாதேவி வருகிற பெண்ணைப் பார்த்துத்தான் தீர்மானிப்பது என்று இருந்தாள். பெண்ணைப் பார்த்தால் தாயைத் தெரிந்துவிடும். தாயைத் தெரிந்தால் வீட்டைத் தெரிந்துவிடும்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஸ்வாதி அவளை அழைத்து வந்தாள். நல்ல உயரம். நிலைப்படியில் இடித்துக்கொள்ளாமல் குனிந்து நுழைந்தாள். அதற்குள் பக்கத்து வீட்டு கெம்பம்மா வாசலில் வந்து நின்றாயிற்று.

"நின் ஹெசரேனம்மா?" பெயரைத்தான் கேட்டாள்.

"ஹன்னா."

"ஹண்ணா? யாவ ஹண்ணு?"

கன்னடத்தில் ஹண்ணு என்றால் பழம். என்ன பழம் என்று கேட்கிறாள். வந்தவள் ஆறு மாதமாக மைசூரில் இருக்கிறாள், கொஞ்சம் கன்னடம் பிடித்திருக்கிறாள். யோசித்துவிட்டு, "ஆப்பிள்" என்றாள். கெம்பம்மா சிரித்த சிரிப்பில் தெருநாய் எழுந்து போயிற்று.

உமாதேவிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அடுப்படிக்குப் போனாள். ராகிக் களி கிண்ட வேண்டும். மரத்த கையால் களி கிண்டுவது லேசான காரியமல்ல. ஸ்வாதி வந்து துடுப்பைக் கேட்டாள். "போய் ஒறம்பரைகிட்ட உக்காரு கண்ணு. தனியா விட்டா மரியாதையா?" என்று துரத்திவிட்டாள்.

எல்லாரும் தரையில் உட்கார்ந்தார்கள். களி உருண்டையை மெல்லக் கூடாது, மொச்சைக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும் என்று ஸ்வாதி செய்து காட்டினாள். ஹன்னா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். முழு உருண்டையும் போயிற்று. உமாதேவி இன்னொன்று எடுத்தாள்.

"சாக்கு" என்றாள் ஹன்னா. போதும் என்பதற்குக் கன்னடம்.

உமாதேவி வைத்தாள். அதுவும் போயிற்று. மூன்றாவதை எடுத்தாள்.

"சாக்கு, சாக்கு!"

"அவ சாக்கு சாக்குங்கறா. நீ நெசமாலுமே சாக்குல கொட்டற மாதிரி கொட்டிட்டிருக்கே" என்றார் ரவிக்குமார்.

"சும்மா இருங்க. வெக்கத்துல சொல்லுது. மொதத் தடவையே வேணும்னு சொல்ற புள்ளையா இருந்தாத்தான் நான் பயந்துக்கணும்."

மூன்றாவதும் தட்டில் விழுந்தது. அதன் மேல் குழம்பு, அதன் மேல் நெய். ஹன்னா தட்டைப் பார்த்தாள், ஸ்வாதியைப் பார்த்தாள், சாப்பிட்டாள். நல்ல வளர்ப்பு என்று உமாதேவி மனதுக்குள் எழுதிக்கொண்டாள்.

கட்டிலை ஹன்னாவுக்குக் கொடுத்துவிட்டுப் பாயில் படுத்தாள். முதுகு தரையில் பட்டதும் வலி ஒவ்வோர் எலும்பாக இறங்கியது. தூங்கிப்போனாள்.

விடியும்போது குளியலறையிலிருந்து சத்தம் கேட்டது. ஹன்னா சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது. உமாதேவி ஓடிப்போய் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள்.

"எச்சா போட்டுட்டனோ, அளவுக்கு மேல?"

"எச்சாவா? அவ மூணு தடவை போதும்னா. நான் எங்க தடுக்கறது, நீ யாரு பேச்சக் கேக்கறே?" ஸ்வாதி பல்லைக் கடித்தாள். "இவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா காலேஜ்ல என்னம்மா சொல்வாங்க?"

சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். ஹன்னா கட்டிலில் சாய்ந்து மடக்கு மடக்காகக் குடித்தாள். கொஞ்சம் நிறம் திரும்பியது. உமாதேவி காலடியில் உட்கார்ந்தாள்.

"கேளு ஸ்வாதி. முடியலேன்னா ஏன் சாப்புட்டா?"

ஸ்வாதி ஆங்கிலத்தில் கேட்டுச் சொன்னாள். "தட்டுல வெச்சதை மிச்சம் வெச்சா நீ சங்கடப்படுவேன்னு சாப்புட்டாளாம்."

"போதும்னு சொல்றதுதானே?"

"சொன்னேனேங்கறா."

"அது எல்லாரும் சொல்றதுதான். கைய வெச்சுத் தட்ட மறைக்கணும். எந்திரிச்சு ஓடணும். அப்பத்தான் நெசமாலுமே போதும்னு அர்த்தம்."

ஸ்வாதி இதை மொழிபெயர்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஹன்னாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு வலித்ததால் நிறுத்திக்கொண்டாள். ஏதோ சொன்னாள்.

"அவங்க ஊர்ல வேண்டாம்னா வேண்டாந்தானாம். மறுபடி கேட்டா, காதுல விழலையான்னு நெனப்பாங்களாம்."

"அவங்கம்மா எத்தனை தடவை கேப்பாங்க?"

ஹன்னாவுக்குக் கேள்வியே புரியவில்லை. ஸ்வாதி திருப்பிக் கேட்டாள். ஹன்னா ஒரு விரலைக் காட்டினாள்.

உமாதேவி அந்த விரலையே பார்த்தாள். அப்புறம் எழுந்து அடுப்படிக்குப் போனாள். வேலை ஒன்றும் இல்லை. நின்றாள்.

ஸ்வாதியை அப்படி வளர்த்தவள் அவள்தான். மற்றவர் வீட்டில் முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவையும் வேண்டாம். மூன்றாம் தடவை கேட்டால், கொஞ்சமாக. ஆலாப்பறக்கிற பிள்ளை என்று ஒருத்தர் சொல்லக் கூடாது. சின்ன வயதில் தொடையில் கிள்ளிக் கிள்ளிச் சொல்லிக்கொடுத்தது. கொள்ளேகாலில் பாலன் சித்தப்பா வீட்டுப் புதுமனை புகுவிழாவில், சித்தி இரண்டு தடவை கேட்டுவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விட்டாள். எட்டு வயதுப் பிள்ளை காய்ந்த வயிறோடு வீடு திரும்பி, பழைய சோற்றைச் சட்டியோடு தின்றது. அந்தக் கதையை உமாதேவி தெருவெல்லாம் பெருமையாகச் சொன்னாள்.

இப்போது அந்தப் பிள்ளை ஒரே ஒரு தடவை கேட்கிற வீட்டுக்குப் போகப்போகிறது. ஐந்து மாதம்.

மத்தியானம் கோழிக் குழம்பு. ஹன்னாவுக்கு மட்டும் தயிர்ச்சோறு. உமாதேவி அவள் பக்கம் குனிந்து, "இன்னுங் கொஞ்சம்?" என்றாள்.

"பேடா" என்று கன்னடத்தில் வேண்டாம் சொன்னாள் ஹன்னா. கை தட்டை மறைக்கத் தயாராக நீண்டிருந்தது.

உமாதேவி நிமிர்ந்தாள். நகர்ந்தாள். கரண்டியில் சோறு அப்படியே இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் ரவிக்குமார் தட்டில் தட்டினாள்.

"புள்ள மேல கோவமா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"இல்லீங்க. அவ வேண்டாம்னா."

ரவிக்குமார் பெண்டாட்டியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஹன்னாவோ முதல் தடவையாக நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

பாத்திரம் தேய்க்குமுன் கொஞ்சம் சாயலாம் என்று உமாதேவி சுவரோரம் சாய்ந்தாள். கண் விழித்தபோது வெயில் சன்னலை விட்டுப் போயிருந்தது. பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. பெரியதன் மேல் சின்னது வைக்காமல், கண்டபடி. ஹன்னா கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ! ஸ்வாதி, ஒறம்பரைய போய்ப் பாத்திரம் தேய்க்க விட்டுருக்கறயே! எழுப்பக் கூடாது?"

"எழுப்பாதேன்னது அவதான்." ஸ்வாதி தயங்கினாள். "அவங்கம்மாளும் இப்படித்தான் தூங்குவாங்களாம். ஆஸ்பத்திரியில நர்சு. ராத்திரி ட்யூட்டி முடிஞ்சு வந்தா, ஷூவக்கூடக் கழட்ட மாட்டாங்களாம்."

உமாதேவி எழுந்து உட்கார்ந்தாள். கலைந்த கொண்டையை முடிந்தாள்.

"அவங்களுக்கும் முதுகு வலியா?"

ஸ்வாதி கேட்டதும் ஹன்னா இடுப்பைத் தொட்டுக் காட்டி, தலையை ஆட்டினாள். எப்போதும்.

"அப்ப சாப்பாடு? யாரு போடுவாங்க?"

"யாரும் போட மாட்டாங்க. பசிச்சா ஃபிரிட்ஜைத் தொறந்து எடுத்துக்கணும். வர்றவங்களும் அப்படித்தானாம். கேக்கவே வேண்டாமாம்."

"எம் பொண்ணு தொறக்க மாட்டா. அதச் சொல்லு."

"அத நான் சொல்ல மாட்டேன்."

"சொல்லுடி."

"சும்னிரும்மா!" சும்மா இரு என்பதன் கன்னடம். ஸ்வாதியின் காது சிவந்திருந்தது. ஹன்னா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன என்று கேட்கவில்லை. ஒருத்தர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுகிற ஊர்க்காரி.

அந்தி சாய்வதற்குள் ரவிக்குமார் அவளை வண்டியில் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோய் விட்டார். போகும்போது உமாதேவியைக் கட்டிக்கொண்டாள். முதுகில் எந்த இடம் வலிக்குமோ அந்த இடத்தில் கையை அழுத்தினாள். கெம்பம்மா வாசலிலிருந்து, இன்னொரு நாள் வா ஆப்பிள் என்று கையாட்டினாள்.

அப்புறம் வீடு பழைய அளவுக்கு வந்தது. ரவிக்குமார் திரும்பியதும் உமாதேவி தோசைக்கல்லை வைத்தாள். அவரும் ஸ்வாதியும் தரையில் தட்டோடு உட்கார்ந்தார்கள். ஸ்வாதிக்கு இரண்டு தோசை போட்டாள். மூன்றாவதைத் திருப்பியில் எடுத்து நீட்டினாள்.

"போடட்டுமா?"

"பேடாம்மா" என்றாள் ஸ்வாதி. கண் போனில் இருந்தது. தட்டு மட்டும் வழக்கம்போல அம்மாவின் பக்கம் தானாக நகர்ந்து வந்தது.

உமாதேவி தோசையைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பிய்த்தாள். சாப்பிட்டாள்.

ஸ்வாதி நிமிர்ந்தாள். தட்டு நீட்டியபடியே இருந்தது. ரவிக்குமார் தன் தோசையில் பாதியை எடுத்தார். உமாதேவி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னடி இது?"

"விடுங்க."

கல் காய்ந்து புகைந்தது. ஸ்வாதி அம்மாவைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். எழுந்துபோய்க் கையைக் கழுவினாள். குழாயை மூடும் சத்தம் கேட்டது. உமாதேவி எழத் துடித்த காலை மடக்கி, அதன் மேல் உட்கார்ந்தாள்.

ஸ்வாதி திரும்பி வந்தாள். ஈரக்கையோடு தட்டின் முன் உட்கார்ந்தாள்.

"பசிக்குது. இன்னும் ரெண்டு வேணும்."

முகம் வேறு பக்கம் இருந்தது. அந்தச் சொல்லை அவள் எவ்வளவு சிரமப்பட்டு இழுத்து வந்தாள் என்பது உமாதேவிக்குத் தெரிந்தது.

இரண்டு தோசை வார்த்துப் போட்டாள். அதற்கு மேல் கேட்கவில்லை. அடுப்பை அணைத்தாள்.

"நாளைக்கு மேடம் கேப்பாங்க" என்றாள் ஸ்வாதி, வாயில் தோசையோடு.

"போறேன்னு சொல்லு."

ரவிக்குமார் தலையை நிமிர்த்திப் பார்த்தார். உமாதேவி அதற்குள் பாயை உதறிப் போட்டிருந்தாள். காலையில் ஆறு மணிக்கு கம்பெனி பஸ்.