இருநூறாவது படியில் வந்த சாமி

மூன்று ஆடிக் கிருத்திகைக்கு என் வீட்டுக்காரர் டில்லிபாபுவுக்கு சாமி வந்தது. காவடியோடு திருத்தணி மலை ஏறுவார். இருநூறாவது படிக்கு வந்ததும் கண் செருகும், அப்படியே சாய்வார். நாங்கள் அரோகரா போட்டு, நெற்றி நிறையத் திருநீறு அப்பி, கற்பூரம் காட்டி வாக்குக் கேட்போம். நானே கேட்டிருக்கிறேன், பாவி.

"அங்க ஒரே வெளிச்சம் சுஜாதா. மலை பஞ்சுப்பொதி மாதிரி மிதக்குது. மயிலுங்க சத்தமில்லாம நடந்துகினு இருக்குது. வலியே இல்ல," என்பார் எழுந்ததும். கேட்கக் கேட்க எனக்கும் கண் சொக்கும்.

பங்குனியில் கனகம்மாசத்திரத்துக் களத்தில் நெல் மூட்டை தூக்கியபோதும் அதேபோல விழுந்தார். காவடி இல்லை, மேளம் இல்லை, சாமிக்கு அங்கே என்ன வேலை? சண்டை போட்டுச் சென்னைக்கு இழுத்துப் போனேன்.

டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டினார். "இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் இவருக்குப் பிறவியிலயே இடம் மாறி முளைச்சிருக்கு. ரெண்டு பெரிய குழாய்க்கு நடுவுல நுழைஞ்சு போகுது. மூச்சு வாங்க உழைச்சா நசுங்கிடும். ரொம்ப அபூர்வம். இத்தனை தடவை எழுந்ததே பெருசு. ஆபரேஷன் பண்ணியே ஆகணும்."

"அபூர்வமாம்!" என்று பெருமையாகச் சிரித்தார் மனுஷன். "சாமி வந்து போறதுக்குத் தனியா வழி வெச்சிருக்காரு முருகன். அதைப் போய் மாத்தறதா? முடியாது."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. நான்கு மாதம் கெஞ்சினேன், அழுதேன், சோறு போடமாட்டேன் என்றேன். மசியவில்லை.

இந்த ஆடிக் கிருத்திகையும் வந்தது. சரவணப்பொய்கையில் முழுகிவிட்டு, ஈர மஞ்சள் வேட்டியோடு, முதல் படியருகே காவடியைத் தூக்கக் குனிந்தார். மேளம் அதிர்ந்தது. கற்பூரப் புகையில் எதிரே மலையே மிதந்தது. இன்னும் இருநூறு படிதான் இவருக்கு ஆயுசு என்று நினைத்தேன். என் தலைமுடி எப்போது அவிழ்ந்ததென்று தெரியாது.

"டேய் டில்லிபாபு!"

கூட்டம் அடங்கியது. பாவா, பாவா என்றே கூப்பிட்டுப் பழகிய கட்டின புருஷனை டேய் போட்டது என் வாய்தான்.

"கீழ வைடா காவடியை! உன் நெஞ்சை டாக்டர் கையில குடு. சரியானப்புறம் என் மலைக்கு வா. அதுக்கு முன்னாடி ஒரு படி ஏறினாலும் உன் காவடி எனக்கு வேணாம்!"

யாரோ கற்பூரம் காட்டினார்கள். என் நெற்றியில் திருநீறு அப்பினார்கள். அவர் காவடியை விட்டுவிட்டு, "போறேன் சாமி, மன்னிச்சிடப்பா," என்று என் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

ஐயோ, மெதுவா பாவா என்று உள்ளுக்குள் துடித்தேன். குனிந்து தூக்கக் கை பரபரத்தது. சாமி தூக்கிவிடாது. கண்ணை மேலே செருகிக்கொண்டு அப்படியே நின்றேன்.