மதியத்தைத் திருடியவரின் மூக்கு

எங்கள் தெருவின் மதியத்தை ஒருவர் எடுத்துக்கொண்டு போனார். நான் பார்த்தேன்.

நான் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் படிப்பவன். அன்று எங்கள் தெருவின் கடைசி வீட்டில் மீட்டர் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். அவர் எதிர்க்கோடியிலிருந்து வெயிலைச் சுருட்டிக்கொண்டே வந்தார். பாய் சுருட்டுவது போலத்தான். என் காலடிக்கு வந்ததும் தள்ளி நிற்கச் சொல்லித் தலையை அசைத்தார். தள்ளி நின்றேன். சுருட்டி முடித்தார். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதிலிருந்து எங்கள் தெருவில் காலை முடிந்ததும் மாலை வந்துவிடுகிறது. துணி காய்வதில்லை. பக்கத்துத் தெருவில் மதியம் இருக்கிறது. வடாம் பிழிகிறவர்கள் அங்கே போகிறார்கள். அந்தத் தெருக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒருவன்தான் சாட்சி.

இன்ஸ்பெக்டரின் மேஜை வாசலிலிருந்தே தெரிந்தது. நடந்தேன். நடக்க நடக்க அது அதே தூரத்தில் இருந்தது. சுவரோரம் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"திரும்பி நடங்க சார். சீக்கிரம் போயிரலாம்" என்றார்.

திரும்பி வாசலை நோக்கி நடந்தேன். முதுகில் மேஜை இடித்தது.

"வாங்க" என்றார் இன்ஸ்பெக்டர் தில்லைநாயகம். "ஆளப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"மீட்டர் பாக்குற மாதிரி பாத்தேன்."

"அப்ப சரி. ஏட்டம்மாகிட்ட போங்க."

ஏட்டம்மாவின் பெயர் ரெஜினா. சாட்சிகள் சொல்வதைக் கேட்டு முகம் செய்வது அவர் வேலை. அவர் அறையில் பீரோ அளவுக்கு ஒரு மெஷின் நின்றது. தூசி படாமல் மேலே ஒரு துண்டு போர்த்தியிருந்தார்கள். ஊரிலுள்ள கேமராக்கள் பார்த்த முகங்கள் எல்லாம் அதற்குள் இருப்பதாக ரெஜினா சொன்னார்.

"அப்ப இதுக்கு எல்லாரையும் தெரியுமா?"

"தெரியும். பழக்கமில்ல. நீங்க முகத்தச் சொல்லுங்க."

"மூக்கு நீளமா இருந்துச்சு."

"நீளம், அகலம்லாம் வேண்டாம். எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. யாரு மாதிரின்னு சொல்லுங்க."

எனக்கு அது எளிதாக இருந்தது. எங்கள் ஊரில் குழந்தை பிறந்தால் பார்க்க வருகிறவர்கள் தொட்டிலைச் சுற்றி நின்று முகத்தைப் பங்கு போட்டுவிடுவார்கள். நெற்றி அப்பாவுக்கு, காது மாமாவுக்கு, முகவாய் அத்தைக்கு. குழந்தைக்கென்று எதுவும் மிஞ்சாது. நாங்கள் முகம் பார்க்கப் பழகியது அப்படித்தான்.

"மூக்கு என் தம்பி மூக்கு மாதிரி" என்றேன்.

ரெஜினா விலாசம் கேட்டார். ஒரு போலீஸ்காரர் வெளியே போனார். போன வேகத்தில் என் தம்பி குணசீலனுடன் திரும்பி வந்தார். குணசீலன் ஊதுபத்தி கம்பெனியில் வாசனை பார்க்கிறவன்.

"என்னண்ணே, மூக்கக் கேட்டியாமே?"

"நான் கேக்கலடா. மாதிரின்னு சொன்னேன்."

"சொல்றதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டிருக்கலாம்ல."

கண்ணாடியைக் கழற்றுவது போல மூக்கைக் கழற்றி ரெஜினாவிடம் கொடுத்தான். "பத்திரமா வைங்க மேடம். என் பொழப்பே அதுலதான் ஓடுது."

ரெஜினா அதைப் பஞ்சின் மேல் வைத்தார். குணசீலனின் முகம் நடுவில் வழவழப்பாக இருந்தது. அவன் அதைத் தடவிப் பார்த்தான். "காத்தோட்டமா இருக்கு" என்றான்.

"காது?" என்றார் ரெஜினா.

"எங்க ஹவுஸ் ஓனர் காது மாதிரி."

ஹவுஸ் ஓனர் வரவில்லை. காதுகளைச் செய்தித்தாளில் மடித்து ஆட்டோவில் கொடுத்தனுப்பினார். ஏதாவது சொல்வதாக இருந்தால் பிறகு சொல்லுங்கள், இப்போது கேட்காது என்று ஆட்டோக்காரர் தகவல் சொன்னார்.

"கண்ணு?"

நான் யோசித்தேன். எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லலாமா என்றுதான் யோசித்தேன். ஆனால் பஞ்சின் மேல் மூக்கும் காதுகளும் சேர்ந்து கிடந்தன. கொஞ்சம் முகம் மாதிரி இருந்தது. மீதியையும் பார்த்துவிட வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

"என் மனைவி கண்ணு மாதிரி" என்றேன்.

புஷ்பலதா தோளில் இஞ்ச் டேப்போடு வந்தாள். வீட்டில் துணி தைக்கிறாள்.

"ஏங்க, என் கண்ணு மாதிரியா இருந்துச்சு?"

"ஆமா."

"நான் என்ன திருட்டு முழியா முழிக்கிறேன்?"

"அப்படி இல்ல. பெருசா இருந்துச்சு."

"ம்" என்றாள். கண்களை எடுத்து ரெஜினாவிடம் நீட்டினாள். "சீக்கிரம் குடுத்துருங்கம்மா. நாளைக்கு ரெண்டு ஜாக்கெட் தந்தாகணும். ஒண்ணு கல்யாணப் பொண்ணோடது."

கண் இருந்த இடத்தில் நெற்றி தொடர்ந்து இறங்கியிருந்தது. நான் அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். எந்தப் பக்கம் ஜன்னல் என்று கேட்டாள். சொன்னேன். அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வாய்?" என்றார் ரெஜினா.

"மூடியிருந்துச்சு. கவனிக்கல."

"அப்ப விட்டுருவோம்."

கை, கால், உடம்பெல்லாம் ஸ்டேஷனிலேயே இருந்தன. ரெஜினா எல்லாவற்றையும் பொருத்தினார். உருவம் எழுந்து நின்றது. அதற்கு வாய் இல்லை. சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டது. பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தது. புஷ்பலதா புதிய வீட்டுக்குப் போனால் முதலில் கூரையைப் பார்ப்பாள். அதுவும் முதலில் கூரையைப் பார்த்தது.

கூரையின் மூலையில் ஒரு கேமரா இருந்தது. கேமரா உருவத்தைப் பார்த்தது. மெஷின் உறுமியது. ஆள் அகப்பட்டுவிட்டார், இந்த அறையில்தான் நிற்கிறார் என்று அதன் கண்ணாடித் திரையில் எழுத்து ஓடியது.

தில்லைநாயகம் ஓடி வந்து என் கையைக் குலுக்கினார். "ஒரு சாட்சின்னா இப்படி இருக்கணும்" என்றார்.

"சார், கண்ண எப்ப தருவீங்க?" என்றாள் புஷ்பலதா.

"அது குற்றவாளி மேல இருக்கும்மா. வழக்குச் சொத்து."

"வழக்கு எப்ப முடியும்?"

"முடியும்."

"சார், மூக்கு?" என்றான் குணசீலன்.

"அதுவும் கூடவே உள்ள போகும். தனியாவா விட முடியும்?"

புஷ்பலதா இஞ்ச் டேப்பை விரலில் சுற்ற ஆரம்பித்தாள். சுற்றி முடித்துப் பிரித்தாள். மறுபடி சுற்றினாள்.

அப்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். கக்கத்தில் மதியம் இருந்தது. நடைவழி முழுக்க வெளிச்சமாகிவிட்டது. பெஞ்சில் இருந்தவர் கையை நெற்றியில் குடையாகப் பிடித்துக்கொண்டார்.

"இத வாங்கிக்குங்க" என்றார் வந்தவர். "வீட்ல வைக்க முடியல. புழுங்குது. பிள்ளைங்க தூங்க மாட்டேங்குது."

நான் அவரைக் கூர்ந்து பார்த்தேன். அவர்தான். மூக்கு சப்பையாக இருந்தது. கண்கள் சிறியவை. காது சாதாரணக் காது. நான் சொன்னது எதுவும் அந்த முகத்தில் இல்லை. எனக்கு வியப்பாக இருந்தது. மதியம் திருடுபோன அன்று காலை சாப்பாட்டு டப்பாவை வாங்கும்போது கடைசியாகப் பார்த்த கண்கள் புஷ்பலதாவுடையவை. தெருமுனையில் குணசீலன் பைக்கை நிறுத்திப் பேசிவிட்டுப் போனான். ஹவுஸ் ஓனர் மாடியிலிருந்து எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் நான் யாரையும் புதிதாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

"சார், இவர்தான்" என்றேன்.

தில்லைநாயகம் அவரையும் உருவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க இருக்கு சாயல்? மூக்கப் பாருங்க."

"நான் தப்பாச் சொல்லிட்டேன் சார்."

"சாட்சி சொன்னது சொன்னதுதான். முகம் செஞ்சாச்சு, ஆளும் அகப்பட்டாச்சு. இனிமே வந்து நான்தான்னா?" வந்தவரைப் பார்த்து, "கெளம்புய்யா, கெளம்பு. வேல நேரத்துல வந்துகிட்டு" என்றார்.

"அப்ப இத என்ன பண்றது?"

"அது உன் பாடு."

அவர் மதியத்தை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். பிறகு போனார். நடைவழி பழையபடி மங்கியது.

அடையாள அணிவகுப்பு நடத்த வேண்டும் என்றார் தில்லைநாயகம். சந்தேகப்படும் ஆளை அவர் சாயலில் உள்ளவர்களோடு வரிசையில் நிறுத்த வேண்டும். சாட்சி ஒருவரின் தோளைத் தொட வேண்டும். தொடப்பட்டவர் உள்ளே. மற்றவர்கள் இருக்கிறபடியே வீட்டுக்கு.

சாயலுக்கு வேறு எங்கே போவது? உருவத்துக்கு ஒரு பக்கம் குணசீலனை நிறுத்தினார்கள். மறு பக்கம் புஷ்பலதாவை நிறுத்தினார்கள். ஹவுஸ் ஓனருக்குப் பதிலாக ஆட்டோக்காரர் நின்றார்.

இதற்கு மாஜிஸ்திரேட் வேண்டும். பெஞ்சில் இருந்தவர் எழுந்து வந்தார். அவர்தான் மாஜிஸ்திரேட். அணிவகுப்பு நடக்கும்போது போலீஸ் பார்க்கக் கூடாது என்பது சட்டம். தில்லைநாயகமும் ரெஜினாவும் கண்ணை மூடிக்கொண்டார்கள். மெஷினின் துண்டை இழுத்து அதன் கண்ணாடியையும் மூடினார்கள்.

"தொடுங்க" என்றார் மாஜிஸ்திரேட்.

நான் வரிசையின் முன்னால் நடந்தேன். வரிசை நீண்டுகொண்டே போனது. நான்கு பேர்தான். ஆனாலும் ஒருவரிடமிருந்து அடுத்தவரிடம் போக நேரம் பிடித்தது.

உருவத்தின் முன்னால் நின்றேன். அது என்னைப் பார்த்தது. நான் கேஸ் அடுப்பை மூட மறந்துவிட்டு வெளியே கிளம்பும்போது புஷ்பலதா இப்படித்தான் பார்ப்பாள். எதையும் சொல்ல மாட்டாள். எனக்கே நினைவு வருகிறதா என்று காத்திருப்பாள்.

பக்கத்தில் புஷ்பலதா என் செருப்புச் சத்தத்தைக் கேட்டுத் தலையைச் சாய்த்திருந்தாள். "நீங்களா?" என்றாள்.

"நான்தான்."

"யாரத் தொடப் போறீங்க?"

"பாத்துகிட்டு இருக்கேன்."

"ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைக்கிறது மட்டும்தான் பாக்கி" என்றாள். "அத வேற யாராவது வச்சுருவாங்க. பரவாயில்ல."

நான் என் தோளைத் தொட்டேன்.



"யாரத் தொட்டாரு?" என்றார் தில்லைநாயகம், கண்ணைத் திறக்காமல்.

"சாட்சியத் தொட்டாரு" என்றார் மாஜிஸ்திரேட்.

"சாட்சி யாரத் தொட்டாரு?"

"அதத்தான் சொல்றேன்."

"அப்படித் தொடலாமா ஐயா?"

"தோள்னுதான் இருக்கு. யாரு தோள்னு இல்ல. தொட்டா தொட்டதுதான்."

தில்லைநாயகம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். வருத்தப்பட்டது போலிருந்தது. "நல்ல சாட்சி" என்றார் ரெஜினாவிடம். "கெடுத்துகிட்டாரு."

இப்போது நான்தான் ஆள். உருவம் தேவைப்படவில்லை. ரெஜினா அதைப் பிரித்தார். அது ஒத்துழைத்தது. குணசீலன் மூக்கை வாங்கிப் பொருத்திக்கொண்டு நீளமாக மூச்சிழுத்தான். "இங்க யாரோ சாத்துக்குடி உரிச்சிருக்காங்க" என்றான். ஆட்டோக்காரர் ஹவுஸ் ஓனரின் காதுகளைச் செய்தித்தாளில் மடித்துக்கொண்டு கிளம்பினார். புஷ்பலதா கண்களை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு முறை இமைத்தாள்.

"இவரு முகம் கோப்புல வேணும்" என்றார் தில்லைநாயகம். "இல்லாம உள்ள வைக்க முடியாது."

"ஃபோட்டோ எடுத்துரலாமே சார்" என்றான் குணசீலன்.

"ஃபோட்டோன்னா அது ஃபோட்டோ. சாட்சி சொன்னாத்தான் அடையாளம்." அவர் புஷ்பலதாவிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

ரெஜினா புதிய பஞ்சு விரித்தார். "மூக்கு யாரு மாதிரி?"

புஷ்பலதா என் எதிரில் வந்து நின்றாள். துணியின் அளவு சரிதானா என்று பார்ப்பது போலப் பார்த்தாள்.

"தெரியல" என்றாள்.

"கூடப் பொறந்தவரு பக்கத்துலதான நிக்கிறாரு. அவரு மாதிரின்னு சொல்லுங்க."

குணசீலன் வசதிக்காகப் பக்கவாட்டில் திரும்பிக் காட்டினான். அவள் அவன் மூக்கைப் பார்த்தாள். என் மூக்கைப் பார்த்தாள்.

"இல்லைங்க. அது வேற."

"கண்ணு?"

"யாரு மாதிரியும் இல்ல."

"காது, நெத்தி, ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா. இவங்க அப்பா, சித்தப்பா, யாராவது."

"ஒண்ணுமே யாரு மாதிரியும் இல்லைங்க."

"இவ்வளவு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கீங்க."

"அதனாலதான் சொல்றேன்."

ரெஜினா மெஷினின் துண்டை விலக்கிவிட்டு இதை அப்படியே சொன்னார். மெஷின் உறுமியது. ஊரிலுள்ள முகங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் வந்து போயின. நான் ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மீட்டர் பெட்டி திறந்துவிடுகிறவர்கள் எல்லாரும் வந்தார்கள். அந்தச் சப்பை மூக்குக்காரரும் வந்தார். நான் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது. அப்படி யாரும் இல்லை என்று எழுத்து ஓடியது.

"ஆளே இல்லன்னா யார உள்ள வைக்கிறது?" என்றார் தில்லைநாயகம்.

மாஜிஸ்திரேட் தலையை அசைத்தார். போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இவரக் கூட்டிட்டுப் போங்கம்மா" என்றார் தில்லைநாயகம். "எங்கயும் தனியா விடாதீங்க. யாருன்னு கேட்டா எங்களால சொல்ல முடியாது."

நாங்கள் வெளியே வந்தோம். குணசீலன் பைக்கை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனான். நானும் புஷ்பலதாவும் நடந்தோம். அவள் பாதையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு பள்ளம் வந்தது. நான் கையைப் பிடித்துத் தாண்ட வைத்தேன். அப்போதும் பார்வையை எடுக்கவில்லை.

"எப்படி இருக்கேன்?" என்று கேட்டேன்.

"இருங்க" என்றாள். "இன்னும் பாத்து முடிக்கல."